எந்த பேக்கப்?

தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையின் கம்ப்யூட்டர் சென்டரில், ஒரே சர்வருக்குள் தனித்தனிக் கம்ப்யூட்டர்கள் போல ஓடும் பன்னிரண்டு விர்ச்சுவல் மிஷின்களின் செட்டிங்ஸும் காலையில் அழிந்து கிடந்தன.

"நேத்து கடைசியா கிளம்பினது நீதானேம்மா?" என்றார் உரிமையாளர் நந்தகுமார்.

"நான் எதையும் தொடல சார்," என்றாள் மமதா. சேர்ந்து ஒரு மாதம். வேலை நிரந்தரமா இல்லையா என்பது இன்று தெரிய வேண்டும்.

"தானா அழிஞ்சிடுமா? பத்து மணிக்குப் பசங்களுக்குப் பரீட்சை. இன்னா பண்ணுவியோ, பண்ணு."

அவள் முதுகுக்குப் பின்னாலேயே நின்று ஒவ்வொரு கிளிக்கையும் கவனித்தார். அவள் ஒரு பேக்கப் ஃபைலைத் திறந்தாள்; இருபது நிமிடத்தில் பன்னிரண்டும் பழையபடி ஓடின.

நந்தகுமார் முகம் மாறியது.

"அழிச்சது நான்தான். அந்தக் காலத்துல மைன்ல சொல்லாம சைரன் ஊதி ரெஸ்க்யூ ஆளுங்கள சோதிப்பாங்களே, அந்த மாதிரி. கையாலயே எல்லாத்தையும் திரும்பப் போடுறியான்னு பாக்க, பேக்கப் ஃபைலையும் தூக்கிட்டேன். உனக்கு ஏது ஃபைல்?"

"தினமும் தனியா ஒண்ணு எடுத்து வெச்சிக்கினு வரேன் சார்."

"எதுக்கு?"

"எனக்கு முன்னாடி மூணு பேரு, ஆளுக்குச் சரியா ஒரு மாசத்துல நின்னுட்டாங்கன்னு சேர்ந்த அன்னிக்கே சொன்னீங்களே. அப்பவே உங்க மேல சந்தேகம் சார்."

நந்தகுமார் சென்டர் சாவியை மேசைமேல் வைத்தார்.

"நாளையிலேர்ந்து நீயே வந்து திற. பேக்கப்புக்கு இன்னொரு சாவி மட்டும் எங்கிட்ட இருக்கும்."