பேர் சொன்னால் தப்பு

உளவியலின் வரலாற்றைப் பேராசிரியர் ஆறு வருடமாக நோட்டு நோட்டாக எழுதித் தள்ளிக்கொண்டிருந்தார். ஆதி உளவியல்காரர்களின் அகநோக்குச் சோதனையைச் செய்து பார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது. கல்லூரியில் ஒருவரும் அகப்படவில்லை. வீட்டில் மனைவிக்குத் தப்பிக்க வழியில்லை.

"கண்ணை மூடிக்கோ. கையில என்ன உணர்றே?"

"வெங்காயம்ங்க."

"தப்பு! பொருளோட பேரைச் சொல்லக் கூடாது. நிறம், சூடு, சத்தம்னு உணர்றதை மட்டும்தான் சொல்லணும். எத்தனை தடவை சொல்றது?"

'சோதனைக்கு உட்பட்டவர் புத்தி மந்தம்' என்று எழுதி, நோட்டைத் திறந்தபடியே மேஜையில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார்.

உடம்பெல்லாம் சோப்பு நுரையோடு அவர் நின்றபோது, குளியலறை ஜன்னல் வழியே மனைவியின் குரல் வந்தது.

"ஏங்க! மஞ்சளும் சிவப்புமா தெரியுதுங்க!"

"சபாஷ்! அப்புறம்?"

"கன்னத்துல சூடு படுது. கண்ணு எரியுது. சடசடன்னு சத்தம் கேக்குது."

"பிரமாதம்! பேரே சொல்லலை பாரு! சரி, மனசுக்கு இதமா இருக்கா, கஷ்டமா இருக்கா?"

"ரொம்ப இதமா இருக்குங்க."

கழுதையைக் குதிரையாக்கிவிட்ட பெருமிதத்தோடு துண்டைக் கட்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் வந்தவர், அங்கேயே நின்று அலறினார்.

"ஐயோ, என் நோட்டு! என் ஆறு வருஷப் புஸ்தகம்!"

கடைசி நோட்டையும் தீயில் போட்டுவிட்டு மனைவி நிதானமாகத் திரும்பினாள்.

"தப்புங்க. பேரைச் சொல்லக் கூடாது. என்ன உணர்றீங்க, அதை மட்டும் சொல்லுங்க."