தொண்ணூற்றாறு டிகிரி

பூண்டுலோயா மலைச்சரிவில் நாலு மணிக்கே பனிமூட்டம் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலை மூடிவிடுகிறது. உள்ளே, மகன் தர்ஷன் விட்டுப்போன கம்ப்யூட்டர் பெட்டி மட்டும் கொதிக்கிறது. கொழும்பில் இருந்துகொண்டே இணையம் வழியாக அதில் வீடியோ வேலை செய்கிற அவன், அது நின்றுபோனால் மட்டும் வீட்டுக்கு அழைக்கிறான். கொழுந்து பறிக்கக் கட்டிய இடுப்புப் படங்குத் துணியை இன்னும் அவிழ்க்காத அழகம்மா, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, நின்றுபோன பெட்டியை மறுபடி இயக்கித் திரையைப் படிக்கிறாள். “தொண்ணூத்தாறு காட்டுதுப்பா.” “ப்ரொசெசர் வேகத்த கூட்டி வச்சிருக்கேன்லம்மா, காத்து போகலன்னா சூடேறி நின்னுரும். மேல எதுவும் போத்தியிருக்கீங்களா?” “பனி எறங்குதேன்னு கம்பளிய போட்டேன்.” “ஐயோ, அத எடுங்கம்மா!” எடுக்கிறாள். காற்றாடியின் இரைச்சல் மெல்ல அடங்குகிறது. எண்பது, அறுபத்தைந்து, ஐம்பது. “சரியாயிருச்சு. இனி நிக்காது, வைக்கிறேம்மா.” சாப்பிட்டாயா என்று அவள் கேட்பதற்குள் போன் இருண்டுவிடுகிறது. பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறாள். சூடு ஆறிக்கொண்டே போகிறது. வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்து, கம்பளியை உதறி, நாலு மூலையும் இழுத்துவிட்டு மறுபடி போர்த்துகிறாள். போனை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்காருகிறாள்.