ஒரு கால் தரையில்

கடைசிச் சுற்று. கலைச்செல்வனுக்கு முன்னால் யாரும் இல்லை.

கல்லூரிகளுக்கிடையிலான நடைப்போட்டி. ஓடக் கூடாது. எந்த நேரமும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும். மூன்று நடுவர்களும் ஆளுக்கொரு சிவப்பு அட்டை காட்டிவிட்டால் வெளியே போக வேண்டியதுதான்.

இரண்டு பேர் காட்டிவிட்டார்கள்.

மூன்றாமவர் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு கண்ணால் லெக் பீஸையும் மறு கண்ணால் இவன் காலையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மைதானத்தின் மறுகோடியில் கபடி இறுதி ஆட்டம். உத்திரமேரூரே அங்கேதான் இருந்தது. மேளம், விசில், கல்லூரி முதல்வர், முதல்வருக்குப் போட்ட சோபா. கடைசிச் சுற்றுக்கு மணி அடிக்க வேண்டிய பி.டி. சாரும் அங்கேதான். அதனால் இதுதான் கடைசிச் சுற்று என்று கலைச்செல்வன் தானே எண்ணித் தெரிந்துகொண்டான்.

இந்தப் பக்கம் ஒரு எருமை நின்றது. அதுவும் கபடியைத்தான் பார்த்தது.

நடைப்போட்டிக்கு இடுப்பை ஆட்டித்தான் நடக்க வேண்டும். இரண்டு வருடமாகத் திருப்புலிவனம் சாலையில் தினமும் காலையில் அப்படி நடந்தான். பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். வகுப்பில் அவனுக்கு ‘உலக அழகி’ என்று பெயர். கூட நடக்க ஒருவனும் வரவில்லை.

தங்கம் வாங்கினால் முதுகில் கல்லூரிப் பெயர் எழுதிய டிராக் சூட் தருவார்கள். அடுத்த போட்டிக்கு அணியோடு வேனில் போகலாம். வேனில் பக்கத்தில் யாராவது உட்கார்ந்துதானே ஆக வேண்டும்.

இன்னும் அரைச் சுற்று.

சுற்றுச்சுவருக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. பவளம், அவன் அம்மா. பக்கத்துக் கழனியில் நடவு. கைச் சேறு காயாமல் வந்திருந்தாள். மகன் போட்டியை அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

மைதானத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். இடுப்பை ஆட்டிக்கொண்டு வரும் மகனைப் பார்த்தாள். பதறிப்போனாள்.

“டேய் கலை, இன்னாடா நடந்துக்கினு கீற? அல்லாரும் ஓடிப் பூட்டாங்கடா. ஓடு நைனா, ஓடு.”

ஒரு மைதானத்தில் அவன் பெயரை யாரும் இதுவரை கத்தியதில்லை.

விதி தலைக்குத் தெரியும். கால்கள் கேட்கவில்லை. இரண்டும் ஒன்றாகத் தரையை விட்டன.

ஓடினான். கோட்டைத் தாண்டி, சுவர் வரைக்கும் ஓடினான்.

மூன்றாமவர் சோற்றுக் கையோடு சிவப்பு அட்டையைத் தூக்கினார். அதைப் பார்த்துப் பவளம் கை தட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் மைக் சொன்னது. நடைப்போட்டி: முதலிடம் இல்லை. இரண்டாமிடம் இல்லை. மூன்றாமிடம் இல்லை.

போட்டிக்குப் பெயர் கொடுத்ததே ஒருவன்தான் என்பதை மைக் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை.

பவளம் தலைத்துண்டை அவிழ்த்து, சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே அவன் முகத்தைத் துடைத்தாள்.

“பாத்தியா. ஒருத்தனும் உன்ன முந்தல.”