கையில் கொடுத்த டீ

இரண்டு மணிக்குக் கவுன்சிலின் குடும்ப உதவிப் பிரிவிலிருந்து ஆள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். போன வாரம்தான் இந்தத் தெருவுக்குக் குடிவந்திருந்த காரிஸ் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை வளர்க்கத் தெரியாதவள் என்று எழுதிவிட்டால்?

அழைப்பு மணி அடித்தது. வாசலில் நரைத்த தலையோடு ஓர் அம்மாள், முகம் கடுகடுவென்று நின்றாள்.

"உள்ள வாங்க மேடம், முதல்ல டீ குடிங்க!" அவளை வாய்திறக்க விடாமல் கோப்பையைக் கையில் திணித்தாள் காரிஸ்.

இரட்டையர்கள் ஈவானும் மாலியும் சோபாவில் குதித்துக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"நாள் முழுக்க இதே கூத்துதானா?"

"ஆமா மேடம், தூங்கவே மாட்டேங்குதுங்க. இந்த ஊர்ல எனக்கு யாரையும் தெரியாது."

அம்மாள் ஒரு மடக்குக் குடித்துப் பெருமூச்சு விட்டாள். "ஏ குரங்குகளா! நடந்து போய்ப் படுக்கறீங்களா, தவளை மாதிரி தாவிப் போய்ப் படுக்கறீங்களா?"

இரண்டும் தாவிப் போயின. சற்று நேரத்தில் வீடே அடங்கியது.

"உங்க ஆபீஸ்ல நல்லாத்தான் பழக்கியிருக்காங்க மேடம்!"

மறுபடி மணி. கழுத்தில் கவுன்சில் அட்டையோடு ஓர் இளைஞன். "மன்னிச்சுக்கோங்க, பஸ் லேட்."

காரிஸ் திரும்பினாள். "அப்போ நீங்க?"

"பக்கத்து வீட்டு எய்ர்லிஸ். ஒரு வாரமா உங்க சத்தத்துல தூக்கமே இல்ல. சண்டை போடத்தான் வந்தேன். கையில டீயைக் குடுத்துட்டா எப்படிம்மா சண்டை போடறது?"

இளைஞன் பேனாவைத் திறந்து முதல் கேள்வியைக் கேட்டான். "அவசரத்துக்கு உதவ அக்கம்பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

காரிஸ் எய்ர்லிஸின் கோப்பையில் மறுபடி டீ ஊற்றினாள்.

"இருக்காங்களே! தினமும் ரெண்டு மணிக்குச் சண்டை போட வருவாங்க."