கண்மூடாத ஜெபம்

நேசையாவுக்கு இது இருபத்தோராம் நாள் காய்ச்சல். இன்று இறங்காவிட்டால் தன் கையில் ஒன்றுமில்லை என்று டாக்டர் காலையில் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து, அவன் தாய் சாரம்மாள் கட்டிலருகே முழங்காலில் நிற்கிறாள். மறுபக்கம் அவன் மனைவி ஜெபகனி. பிறவியிலேயே காது கேளாதவள். பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளியில் உதடசைவைப் பார்த்துப் பேச்சறியப் படித்தவள். கண்ணை மூடினால் மற்றவர்களின் ஜெபம் அவளுக்கு நின்றுவிடும் என்பதால் எப்போதும் கண் திறந்தே இருப்பாள். ஓட்டுக் கண்ணாடி வழியே இறங்கும் வெயில் மாமியாரின் முகத்தில் விழுகிறது. ஆனால் அந்த உதடுகள் நடுங்குகின்றன. ஒரு சொல்லும் பிடிபடவில்லை. ஆண்டவரிடம் பிள்ளையைக் காப்பாற்றும் என்கிறாளா, எடுத்துக்கொள்ளும் என்கிறாளா? ஜெபகனியின் விரல்கள் ஆற்றுத் தண்ணீரில் நனைத்த துணியைப் பிழிந்துகொண்டேயிருக்கின்றன. பொறுக்கமாட்டாமல் எட்டி மாமியாரின் தோளைத் தொடுகிறாள். சாரம்மாள் கண் திறக்கிறாள். ஜெபகனியின் பார்வை கேட்பது அவளுக்குப் புரிந்துவிடுகிறது. மருமகளின் கையை எடுத்துத் தன் தொண்டைமேல் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொல்கிறாள். "எடுத்துக்கிடும்னு சொல்லல ளா. எங்ககிட்டயே விட்டுரும்னுதான் கேக்குதேன்." தன் குரலின் அளவு தெரியாத ஜெபகனி, அறை அதிர, "ஆமென்" என்கிறாள். நேசையாவின் இமை லேசாக அசைகிறது. சாரம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மகனையே பார்க்கிறாள். பிறகு மருமகள் பக்கம் முகத்தைத் திருப்பி, "இன்னொருக்கச் சொல்லு ளா" என்கிறாள்.