காற்சட்டை போட்ட நடராஜர்

சாமியார் வந்து இறங்கியதிலிருந்தே பெரிய கங்காணி மகன் சின்னத்தம்பிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

காவி ஜிப்பா, கழுத்து நிறைய உருத்திராட்சம், நெற்றியில் விபூதிப் பட்டை. கையில் கண்ணாடி போட்ட ஒரு சின்னப் படம். தேயிலைத் தோட்டத்துக்குக் குறி சொல்ல வருகிறவர்கள் கிளிக் கூண்டாவது கொண்டுவருவார்கள். இவரிடம் அதுகூட இல்லை. அந்த ஒற்றைப் படத்தைப் பார்த்தே பங்களாவில் திருடிய ஆளைச் சொல்லிவிடுவாராம்.

துரைசாணியின் வைர மாலை காணாமல் போனதிலிருந்து பழியெல்லாம் பங்களா ஆயா நாகலெட்சுமி மேல்தான். மாலை கிடைக்காவிட்டால் வேலையிலிருந்து அவள் பேரை வெட்டி, பிள்ளைகளோடு லயத்து வீட்டை விட்டே வெளியேற்றுவேன் என்று துரை சொல்லிவிட்டார். திருடி என்று பேர் வாங்கியவளைத் திம்புள்ளைப் பக்கத்தில் வேறு எந்தத் தோட்டத்திலும் சேர்க்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால், வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் தோட்டமே கூடிவிட்டது. சாமியாரை வரவழைத்ததே துரைதானாம். பங்களாவில் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறார். அங்கே யார் பேரைச் சொல்லச் சொல்லி அனுப்பினார்களோ! நாகலெட்சுமி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள்.

சாமியார் படத்தைத் தூக்கிக் காட்டினார்.

சாமி படங்களுக்கு வைக்கிற மாதிரியே கண்ணாடியின் மேலேயும் கீழேயும் சந்தனம் அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்திருந்தது. நடுவில் ஓர் ஆள். ஒரு கால் நேராக இறங்கிச் சந்தனத்துக்குள் மறைந்திருந்தது. மற்றக் கால் மடங்கியிருந்தது. தலையைச் சுற்றி ஒளிவட்டம்.

"அடியாத்தி, நடராசரு!" என்று கொழுந்து பறிக்கிற அம்மாக்கண்ணு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஒருத்தி போட்டால் போதாதா? களம் முழுக்கக் கையெடுத்துக் கும்பிட்டது.

"நல்லாப் பாத்துக்கிங்க தாயி," என்றார் சாமியார். "தலையைச் சுத்தி நெருப்பு. சடை மேல பறக்குது. ஒத்தக் கால ஊணி, ஒத்தக் கால மடக்கி ஆடுறாரு."

"கை எங்கங்க சாமி?" என்று கேட்டான் கவ்வாத்து வெட்டும் அழகன். "நாலுல ஒண்ணக்கூடக் காணமே?"

"பின்னால மறைச்சிருக்காரு. திருட்டுப் பொருளு அந்தக் கையிலதான் இருக்கு. எடுத்தவங்க வாயத் தொறந்தா, இவரு கையத் தொறப்பாரு."

"ஆகா!" என்றது கூட்டம். இதைக்கூட ஆகா என்று சொல்ல ஆட்கள் இருக்கும்போது, குறிகாரனுக்குக் கிளி எதற்கு?

"ஏன் சாமி," என்று முன்னால் வந்தான் சின்னத்தம்பி. "நடராசரு எப்ப இருந்து காச்சட்டை போடுறாரு? அதுவும் செவப்புல?"

அம்மாக்கண்ணு விடவில்லை. "அங்கன வெயிலு, புலித்தோலு போதும். இங்கன அடிக்கிற குளிருக்கு வேணாமாக்கும்? நீ மட்டும் மாட்டிக்கிட்டுத் திரியிறியே!"

களம் அதிரச் சிரித்தார்கள். சின்னத்தம்பியின் காது சிவந்தது. ஹட்டனில் போய்ப் படித்தவன். அவனைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. அவன்தான் எல்லாரையும் பார்த்துச் சிரிப்பான்.

"எடுத்தவங்க இங்கதான் நிக்கிறாங்க," என்றார் சாமியார்.

அத்தனை பேரும் நாகலெட்சுமியைத்தான் பார்த்தார்கள்.

"எம் புள்ளைக மேல சத்தியமுங்க, நான் தொடலைங்க," என்று அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இந்தம்மாவ வெரட்டணும்னா நேரா வெரட்டிட்டுப் போங்களேன்," என்றான் சின்னத்தம்பி. "அதுக்கு ஒரு கூத்தா? வெள்ளக்காரன் பங்களாப் படியக்கூட நான் மிதிச்சதில்ல. அங்க என்ன காணாமப் போனா எனக்கென்ன? ஆனா இந்த ஆளு ஒங்கள ஏமாத்துறது தெரியலியா?"

சாமியார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "சாமியப் பாக்கப் படிப்பு பத்தாது தம்பி. ஞானம் வேணும்."

"அதானே!" என்றார்கள் நாலைந்து பேர். மறுபடியும் சிரிப்பு.

சின்னத்தம்பிக்குப் பொறுக்கவில்லை.

"ஞானமா? முட்டாப் பயலுகளா! அந்த ஆளு படத்தப் புடிச்சிருக்கிறதே தலகீழா! அவன் ஆடல. கால்ல கயித்தக் கட்டி மரத்துல தொங்க விட்டிருக்கு. கீழ அப்பியிருக்கிற சந்தனத்தத் தொடைச்சுப் பாருங்க. கயிறு இருக்கும். மரக்கட்டை இருக்கும். கட்டையில பச்ச எலகூட இருக்கும்!"

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். சாமியார் துண்டு நுனியால் சந்தனத்தை மெல்லத் துடைத்தார்.

கணுக்காலில் கயிறு. கயிற்றின் முனையில் கட்டை. கட்டையில் இலை. படத்தைத் திருப்பினார். நடராஜர் போய், வெள்ளைக்காரன் ஒருவன் தலைகீழாகத் தொங்கினான்.

"தூ! இவனையா கும்புட்டோம்!" என்று அம்மாக்கண்ணு கையைச் சேலையில் துடைத்தாள். கொஞ்சம் முன்னால் கும்பிட்டவர்கள் எல்லாம் இப்போது சாமியாரைப் பார்த்துச் சிரித்தார்கள். அழகன் விசிலடித்தான். சின்னத்தம்பி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். தோட்டத்தில் மூளை உள்ளவன் தான் ஒருவன்தான் என்று இனியாவது எல்லாருக்கும் விளங்கியிருக்கும்.

சாமியார் கோபப்படவில்லை. உருத்திராட்சத்தைக் கழற்றினார். ஜிப்பாவைக் கழற்றினார். உள்ளே காக்கிச் சட்டை.

"நான் போலீசு சார்ஜன் பொன்னையா," என்றார். "நாகலெட்சுமி, அழுவாத. புள்ளைகளக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போ." பிறகு சின்னத்தம்பியின் மணிக்கட்டைப் பிடித்தார்.

அந்தப் படம் வெள்ளைக்காரர்கள் குறி பார்க்கிற சீட்டு. அது நகைகளைத் திருடனிடமிருந்து காக்கும் என்று நம்பி, துரைசாணி அதை நகைப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தாள். அவளைத் தவிர அந்தத் தோட்டத்தில் அதைப் பார்த்திருக்கக்கூடியவன், பூட்டை உடைத்தவன் ஒருவன்தான்.