பப்பாசிக் குழல்

"பிள்ளை, கொம்மா இண்டைக்கும் செத்துப்போய்க் கிடக்கிறா."

அக்கராயனிலிருந்து அம்மாவின் பக்கத்து வீட்டுத் தவராசா தொலைபேசியில் இப்படிச் சொன்னபோது, வவுனியாவில் கஜனி குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்தாள்.

"என்ன மாமா சொல்லுறியள்? இண்டைக்குமோ?"

"ஓம். பொழுதுபட்டால் விறாந்தையிலை தெற்கை தலை வைச்சுப் படுத்திடுவா. வாய்க்கட்டு, கால்கட்டு, தலைமாட்டிலை விளக்கு. பிறகு ஒண்டும் நடக்காத மாதிரி எழும்பிப் போய்க் கொப்பருக்குக் கஞ்சி காய்ச்சுவா. எங்கடை மனிசி பயத்திலை வேலிப்பக்கமே போறாளில்லை."

"ஏன் மாமா உப்பிடிச் செய்யிறா?"

"கொப்பருக்கு முந்திப் பூவும் பொட்டுமாப் போக ஆசையாக்கும் எண்டு சனம் கதைக்குது."

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கஜனி அடுத்த நாளே பஸ் ஏறினாள். எப்படியும் போகத்தான் வேண்டும். அதற்கு மறுநாள் காலை அப்பாவை ஏற்றிப்போக வீட்டுக்கு வான் வருகிறது.

அப்பா கதிர்காமநாதனின் வலது கையையும் காலையும் பேச்சையும் பாரிசவாதம் கொண்டுபோய்விட்டது. கஞ்சி கரண்டி கரண்டியாகத்தான் இறங்குகிறது, அதிலும் பாதி வழிகிறது. யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்து, மூக்கால் குழாய் விட்டு, அங்கேயே வைத்துப் பார்ப்பது என்று அவளும் லண்டனிலுள்ள அண்ணன் சிவகரனும் முடிவெடுத்திருந்தார்கள். பெற்ற கடனைத் தீர்க்க அதைவிட என்ன செய்ய முடியும்?

அவள் படலையைத் திறந்தபோது பொழுது குளக்கட்டுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. எப்போதும் பாய்ந்து வரும் நாய் குலைக்கவில்லை. மாமரத்தடியில் சுருண்டு கிடந்து அவளைப் பார்த்தது.

விறாந்தையில் விளக்கு எரிந்தது.

அம்மா சிவனேஸ்வரி மல்லாந்து கிடந்தாள். நாடியைச் சுற்றி வெள்ளைத் துணி. கால் பெருவிரல்கள் இரண்டும் சேர்த்துக் கட்டியபடி. நெற்றியில் பொட்டைக் காணவில்லை, பட்டையாகத் திருநீறு. மார்பு வரை அப்பாவின் வேட்டி போர்த்தியிருந்தது. அது ஏறி இறங்கியதாகத் தெரியவில்லை.

பக்கத்தில் சாய்மனைக் கதிரையில் அப்பா. மனைவியின் முகத்தைப் பார்த்துக் கோணல் வாயால் சிரித்துக்கொண்டிருந்தார். மெல்லக் குனிந்து, இடக்கையால் அந்த நெற்றித் திருநீற்றை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டார்.

கஜனி பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"அம்மா!"

பிணத்தின் கண்கள் திறந்தன. கட்டிய வாய்க்குள்ளிருந்து குரல் வந்தது.

"கத்தாதை பிள்ளை. இன்னும் முடியேல்லை."

பயம் போன வழியால் கோபம் வந்தது.

"உங்களுக்கென்ன விசரே? அப்பாவை ஆர் பாக்கிறது எண்டு யோசிக்காமல், நீங்கள் முந்திப் போகோணும் எண்டு படுத்துப் பாக்கிறியளோ? அதுவும் அவற்றை கண்ணுக்கு முன்னாலை!"

அம்மா எழுந்து உட்கார்ந்து கட்டுகளை அவிழ்த்து, துணியை ஒழுங்காக மடித்து வைத்தாள்.

"நாளைக்கு வான் வருதோ?"

"ஓம்."

"கொப்பரைக் கேட்டனியளோ?"

"அவரை என்னெண்டு கேக்கிறது? சொல்லுறது ஒண்டும் அவருக்கு ஏறாது எண்டு டொக்டர் சொன்னவர்தானே? நீங்களும் பக்கத்திலை நிண்டனியள்."

"நிண்டனான். அவர் சொன்ன மிச்சத்தையும் கேட்டனான்."

அவ்வளவுதான். வளவுக்குள் போனவள் குழல் போன்ற ஒரு பப்பாசி இலைக்காம்போடு திரும்பி வந்தாள். வேட்டியைப் போர்த்திக்கொண்டு மறுபடி படுத்தாள். காம்பின் ஒரு நுனியை மூக்குத் துவாரத்தில் வைத்துப் பிளாஸ்டர் ஒட்டினாள். ஒரு கையைத் துணியால் விறாந்தைத் தூணோடு கட்டிக்கொண்டு, மற்றக் கையை நீட்டினாள்.

"இதை நீ கட்டு."

"என்னத்துக்கு?"

"குழாயைப் பிடுங்காமல் இருக்க அங்கை கையைக் கட்டுவினமெல்லே? கட்டு."

சொல் தட்டத் தைரியம் வரவில்லை. கஜனி அந்தக் கையைக் கதிரைக் காலோடு கட்டினாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்பாவின் சிரிப்பு நின்றது.

அவருடைய தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மாடு கத்துவதுபோல. கதிரை சரிய முன்னே விழுந்தார். இடக்கையால் அந்தக் காம்பைப் பற்றி, பிளாஸ்டரோடு பிய்த்து முற்றத்தில் எறிந்தார். பிறகு கஜனி போட்ட முடிச்சைப் பிடித்தார். ஒற்றைக் கையால் அவிழ்க்க முடியவில்லை. பல்லால் கடித்தார். அதுவும் முடியாமல் தலையை நிமிர்த்தி மகளைப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்க அவளால் முடியவில்லை.

"ஐயோ, அவரைப் பயப்பிடுத்திப் போட்டியளே!" என்று அழுதுகொண்டே இரண்டு கைக் கட்டுகளையும் அவிழ்த்தாள்.

அம்மா எழுந்து, அப்பாவைத் தூக்கி இருத்தி, நெஞ்சைத் தடவிவிட்டாள்.

"சொன்னால் ஏறாது, காட்டினால் ஏறும் எண்டும் டொக்டர் சொன்னவர். அதுதான் அவருக்கு எது விருப்பம் எண்டு ஒவ்வொண்டாக் காட்டிக் கேட்டனான். இந்த விறாந்தைக்கும் விளக்குக்கும் வாய்க்கட்டுக்கும் சிரிச்சவர். உந்தக் குழாயைத்தான் இன்னும் கேக்காமல் இருந்தது."

"அப்ப... நீங்கள் சாகிறதுக்கு..."

அம்மா மூடியிருந்த வேட்டியை எடுத்து உதறி, அப்பாவின் மடியில் வைத்தாள்.

"வானை வரவேண்டாம் எண்டு சொல்லு. இவ்வளவு நாளும் இதுக்குள்ளை கிடந்தது நானில்லைப் பிள்ளை, கொப்பர்."